டென்மார்க்குக்காரி முட்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை மணி ஒன்பதரைக்கு அடிக்கும். அடித்த பிறகு வருகிறவர்கள் கொடிக்கம்பத்துக்கு எதிரே சரளைக் கல்லில் முட்டி போட வேண்டும். பிரார்த்தனை முடிந்து, முதல் பீரியடும் முடிந்து, டிரில் மாஸ்டர் மண்ணாங்கட்டி வந்து "எழுந்து தொலைங்க" என்று சொல்லும் வரை அப்படியே இருக்க வேண்டும். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளி அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே படித்தவர்கள் எல்லோரும் முட்டியைத் தடவிக்கொண்டு ஆளுக்கொரு கதை சொல்ல வந்துவிடுவார்கள். இது என்னுடைய கதை.

நான் ஆறாம் வகுப்பிலிருந்து முட்டி போட்டவள். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. கூரான கற்களை முதலில் கையால் ஒதுக்கிவிட வேண்டும். பாவாடையை மடித்து முட்டிக்கு அடியில் கொடுக்க வேண்டும். உடம்பின் கனத்தை இந்த முட்டிக்கும் அந்த முட்டிக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றுவது முகத்தில் தெரியக் கூடாது. இதையெல்லாம் எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

தாமதத்துக்குக் காரணம் பால். எங்கள் ஊர் ஒரத்தூர். வீட்டில் எருமை உண்டு. அம்மா பாப்பம்மாள் கறப்பாள். நான் தூக்கில் எடுத்துப் போய் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். சொசைட்டி ராமன் சாவகாசமாக வந்து கதவைத் திறப்பார். திறந்த பிறகுதான் சாவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேடத் தொடங்குவார். வரிசையில் நின்று பாலை ஊற்றி, வீடு திரும்பி, தூக்கைக் கழுவிக் கவிழ்த்து, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு ஓடினால், பாதி வழியில் மணி அடிப்பது கேட்கும். உங்கள் அப்பா பாலை எடுத்துப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். நைனாவுக்குக் காலையில் டீக்கடையில் வேலை. கடை அவருடையதல்ல. அங்கே உட்கார்ந்து டீ குடிப்பதுதான் வேலை.

அது எழுபத்திரண்டாம் வருஷம். நான் பதினோராம் வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தால் நர்ஸ் படிப்பில் சேரலாம் என்று என் பக்கத்தில் உட்காரும் லூர்தம்மாள் சொல்லியிருந்தாள். அவளுடைய அக்கா தாம்பரம் சானடோரியத்தில் நர்ஸ். வெள்ளைப் புடவையும் கையில் வாட்சுமாக அந்த அக்கா பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, அவள் முழுதாக இறங்கி முடிக்கும் வரை கண்டக்டர் விசில் ஊத மாட்டார். எங்களையெல்லாம் அவர் ஒரு கால் தரையில் படும் முன்பே ஊதிவிடுவார். எனக்கு அந்தப் புடவையும் அந்த வாட்சும் வேண்டும் என்று வெறியே இருந்தது.

நைனாவுக்கு வேண்டியிருந்தது என் மாமன் மகன் சின்னப்பையன். பெயர்தான் சின்னப்பையன், என்னைவிடப் பதினாலு வயது பெரியவர். குன்றத்தூர் பக்கம் அவருக்கு நிலம் இருந்தது. நான் புத்தகத்தை மூடுவதற்காக அவர் காத்திருந்தார். நைனா ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் என்னைப் படிக்க விட்டிருந்தார்.

"படிக்கிறியா, படி. ஆனா வாத்தியார் என்னைக் கூப்பிட்டு என்னிக்கு ஆள் அனுப்பறாரோ, அன்னியோட புஸ்தகத்தைக் கட்டிப் பரண்ல போட்டுடணும். நாலு பேர் பாக்க அங்க வந்து நான் கைகட்டிகினு நிக்க மாட்டேன்."

பதினோராம் வகுப்புக்குப் பள்ளிக்கூடத்தில் தனி விதி ஒன்று இருந்தது. மூன்றாவது தடவை தாமதமானால் முட்டி போட்டால் மட்டும் போதாது; அப்பாவை அழைத்து வர வேண்டும். நான் ஓடாத ஓட்டமெல்லாம் ஓடியும் ஆடி மாதத்துக்குள் இரண்டு தடவையைத் தீர்த்துவிட்டேன்.

அப்போதுதான் கிர்ஸ்டன் வந்தாள்.

படப்பையில் அரிசி மில் வைத்திருந்த பாண்டுரங்க முதலியார் தன் மகன் ரகுபதியை மாணவர் பரிமாற்றம் என்று ஒரு வருஷம் டென்மார்க்குக்கு அனுப்பியிருந்தார். பண்டமாற்றுக் கணக்குத்தான். ஒரு பிள்ளையைக் கொடுத்தால் ஒரு பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். வந்தவளை மெட்ராஸில் கான்வென்ட்டில் சேர்ப்பதாக முதலியார் காரைத் துடைத்து வைத்திருந்தார். அவளோ, பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லையா, எங்கள் ஊரில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போவோம் என்று சொல்லிவிட்டாள். விருந்தாளி கேட்டதை மறுக்க முடியாமல் முதலியார் அவளை எங்களோடு சேர்த்தார். கிர்ஸ்டன் என்பது எங்கள் வாயில் நுழையவில்லை. ஒரு வாரத்தில் அவள் கிஷ்டம்மா ஆகிவிட்டாள்.

அவள் வருவதற்கு முதல் நாள் தலைமையாசிரியர் கோதண்டராமன் சார் வாத்தியார்களைக் கூட்டி வைத்துப் பேசினார். நடுவில் தட்டி மட்டும்தான் என்பதால் எங்களுக்கும் கேட்டது.

"அந்தக் கொழந்தை மேல ஒரு கை படக் கூடாது. ஒரு சொல் படக் கூடாது. பிரம்பு, பெஞ்சு, முட்டி எதுவும் கெடையாது. நாளைக்கு அவங்க தேசத்துப் பேப்பர்ல எதுனா வந்துச்சுன்னா டெல்லியிலேருந்து எனக்கு ஃபோன் வரும். நம்மகிட்ட ஃபோன் கெடையாது. அது இன்னும் அசிங்கம்."

முதல் நாள் அவளுக்குக் கணக்கு வாத்தியாரின் நாற்காலியைப் போட்டார்கள். கணக்கு வாத்தியார் நின்றுகொண்டே பாடம் நடத்தினார். அவள் கொஞ்ச நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு, எழுந்து வந்து எனக்கும் லூர்தம்மாளுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் பிறகும் கணக்கு வாத்தியாருக்கு நாற்காலியில் உட்காரப் பயம். அந்த மாதம் முழுக்க அது காலியாகவே இருந்தது.

டென்மார்க் பால் பண்ணைத் தொழிலுக்குப் பெயர்பெற்றது என்று எங்கள் பூகோளப் புத்தகத்தில் இருந்தது. பாலை யார் எடுத்துப் போவார்கள் என்று நான் அவளைக் கேட்டேன். லாரி வீட்டு வாசலுக்கு வரும் என்றாள். பூகோளத்தில் நான் முழு மனதோடு ஒப்புக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

கிஷ்டம்மாவும் தினமும் தாமதமாக வந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விருந்தாளியிடம் அதையெல்லாம் கேட்பார்களா? அவள் சைக்கிளில் உள்ளே வருவாள், டிரில் மாஸ்டர் பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு "குட் மார்னிங்" என்பார். முட்டி போட்டிருப்பவர்களைப் பார்த்து அவள் மரியாதையாகத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போவாள். ஏன் தாழ்த்துகிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

என் மூன்றாவது தாமதம் ஆடி கடைசியில் வந்தது. ஏரி மதகருகே நான் மூச்சிரைக்க நிற்கும்போதே மணி அடித்து ஓய்ந்தது. நைனா பரணுக்கு ஏணி வைப்பது கண்ணில் தெரிந்தது. அங்கே கிஷ்டம்மா சைக்கிள் சங்கிலி கழன்று கையெல்லாம் மையாக நின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு குச்சியால் சங்கிலியை ஏற்றிவிட்டேன். அவள் ஏறிப் போயிருக்கலாம். ஏறவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள். வாசலில் டிரில் மாஸ்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். அவளை விட்டுவிட்டு என்னை மட்டும் முட்டி போடச் சொன்னால், ஏன் என்று அவள் கேட்பாள். கேட்டால் எந்த மொழியில் பதில் சொல்வது?

"போங்க, போங்க," என்றார்.

இந்தச் சேதி பள்ளிக்கூடத்தில் பரவ மத்தியானச் சோற்று நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் மதகில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் ஒரு கூட்டமே இருந்தது. மணி அடிக்கும், யாரும் அசைய மாட்டார்கள். கிஷ்டம்மாவின் சைக்கிள் தெரிந்ததும் எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொள்வார்கள். அவள் இறங்கித் தள்ளிக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் சாமி ஊர்வலம் போல உள்ளே போவோம். டிரில் மாஸ்டர் வேப்பமரத்தில் ஏதோ காக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். புரட்டாசியில், வாலாஜாபாத் பஸ்ஸில் வருகிற தமிழய்யாவும் மதகுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு நாங்கள் எழுந்து இடம் கொடுத்தோம். ஐப்பசி மழையில் எல்லோரும் ஆளுக்கொரு வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அவளைத் தெரியாத, மணி அடித்த பிறகு அவளுக்கு முன்னாலேயே வந்து மாட்டிக்கொண்ட ஆறாம் வகுப்புப் பொடிசுகள் மட்டும் முட்டி போட்டார்கள்.

நைனாவுக்கு ஆள் வரவில்லை. சின்னப்பையன் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் புத்தகப் பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் காலத்தைப் போல இன்னொரு நல்ல காலம் என் படிப்பில் இருந்ததில்லை.

பொங்கல் கழிந்து கல்வி அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். கோதண்டராமன் சார் கிஷ்டம்மாவைக் காட்டிப் பெருமைப்பட நினைத்தார். அவள் அதற்குள் எங்களிடமிருந்தும் மில் வீட்டுச் சமையல்காரம்மாவிடமிருந்தும் தமிழ் பிடித்திருந்தாள். மாலையும் கழுத்துமாக அதிகாரி உட்கார்ந்திருக்க, பள்ளிக்கூடம் முழுவதும் தரையில் உட்கார்ந்திருக்க, அவள் எழுந்து பேசினாள்.

"எங்க ஊர்ல அவங்கவங்க தனியா ஸ்கூல் போவாங்க. யாரும் யாருக்கும் நிக்க மாட்டாங்க. இங்க மணி அடிச்சா கூட யாரும் போவ மாட்டாங்க. எல்லாரும் மதகுல குந்திகினு, கடைசி ஆள் வர வரைக்கும் நிப்பாங்க. தமிழய்யாவும் நிப்பாரு. அப்புறம் ஒண்ணா உள்ள வருவோம். இது ரொம்ப நல்ல வழக்கம். எனக்கு அழுகையா வருது."

அதிகாரி தமிழய்யாவைத் தேடினார். தமிழய்யா தூணுக்குப் பின்னால் போயிருந்தார்.

"இன்னொண்ணு," என்றாள் கிஷ்டம்மா. "எங்க கிறிஸ்துவ மார்க்கத்துல சர்ச்சுல குஷன் மேல முட்டி போடுவோம். இங்க சின்னப் புள்ளைங்க கூட வெயில்ல, கல்லு மேல முட்டி போட்டு வேண்டிக்கிறாங்க. எனக்கு வெக்கமா கீது."

அதிகாரி கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். கோதண்டராமன் சார் கைகளைச் சேர்த்தார், சத்தம் வரவில்லை. அதிகாரி காரில் ஏறும்போது அவரிடம் ஏதோ சொன்னார். அந்தச் சாயங்காலமே எல்லா வகுப்புக்கும் சுற்றறிக்கை வந்தது: நாளை முதல் மணி அடித்ததும் கதவு சாத்தப்படும். யாரோடு வந்தாலும் தாமதம் தாமதமே. விருந்தாளிக்கு மட்டும் விலக்கு.

மறுநாள் நான் வந்தபோது மதகு வெறிச்சென்று இருந்தது. தமிழய்யாகூட அதற்கு முந்தின பஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டாராம். சொசைட்டி ராமன் மட்டும் அன்று காலையும் வழக்கம்போல வந்து, வழக்கம்போலத் தேடியிருந்தார். நான் மதகின் மேல் உட்கார்ந்தேன். ஓடிப் பயனில்லை. கொஞ்ச நேரத்தில் கிஷ்டம்மா சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"எல்லாரும் எங்க?"

"போய்ட்டாங்க."

"ஏன் நிக்கல?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "உன்ன அடிக்க மாட்டாங்க. உங்கூட வந்தா எங்களையும் அடிக்க மாட்டாங்க. அதுக்குத்தான் குந்திகினு இருந்தோம். வழக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போயி பெரிய ஆபீசராண்ட சொல்லிட்ட."

"முட்டி போட்டு வேண்டிக்கிறது?"

"அது தண்டன. லேட்டா வந்தா தண்டன. இன்னிக்கு எனக்குத் தண்டனயோட போவாது. எங்க நைனாவக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டா எம் படிப்பு நின்னுடும். கல்யாணம்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அழுகிறவள் இல்லை நான். முட்டியில் கல் குத்தியபோதெல்லாம் அழாதவள்.

அவள் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. வெள்ளைத் தோலில் கோபத்தை அப்படியே கண்ணால் பார்க்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வாசலில் டிரில் மாஸ்டர் கதவைத் திறந்து, "நீ உள்ள போம்மா. பாஞ்சாலி, நீ அங்க," என்றார். கிஷ்டம்மா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டாள். பூட்டினாள். சாவியைக் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு கொடிக்கம்பத்துக்கு எதிரே என் பக்கத்தில் வந்து முட்டி போட்டாள். கல்லை ஒதுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய கவுன் முட்டி வரைக்கும்தான். அடியில் கொடுக்கத் துணியும் இல்லை.

"நிமிந்து நில்லு. குதிகால்ல குந்தக் கூடாது," என்றேன். அவள் நிமிர்ந்தாள்.

டிரில் மாஸ்டர் உள்ளே ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். கோதண்டராமன் சார் குடையோடு வந்தார். குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். நான் பக்கத்தில் இருந்ததால் நிழல் என் தோளிலும் கொஞ்சம் விழுந்தது.

"எழுந்திரும்மா. ப்ளீஸ், மை சைல்டு."

"சார், நான் லேட். டெய்லி லேட். ரூல்."

"உனக்கு ரூல் கெடையாதும்மா."

"ஏன்?"

கோதண்டராமன் சார் டிரில் மாஸ்டரைப் பார்த்து, "ஏன்னு சொல்லுங்க," என்றார்.

"சார், நான் டிரில் மாஸ்டர்," என்றார் அவர்.

"இவ நைனா வரணும்னா எங்க நைனாவும் வரணும்," என்றாள் கிஷ்டம்மா. கோதண்டராமன் சார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். டென்மார்க்கு எவ்வளவு தூரம் என்று யோசித்திருப்பார். கடைசியில் பியூனைக் கூப்பிட்டு, முதலில் மில்லுக்கும் அப்புறம் ஒரத்தூருக்கும் போகச் சொன்னார். அவர்கள் வரும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. அவர் குடையை இறக்கவில்லை.

முதலியார் காரில் வந்தார். கூட அவர் மனைவி செல்லம்மாள், கையில் ஹார்லிக்ஸ் டம்ளர். குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருந்தாள். நைனா பியூனின் சைக்கிள் கேரியரில் வந்து இறங்கினார். நேராக டீக்கடையிலிருந்து வந்ததால் காலில் சேறு இல்லை. துண்டு மட்டும் தோளிலிருந்து இடுப்புக்குப் போயிருந்தது.

தலைமையாசிரியர் அறையில் அவருடையதைத் தவிர இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. முதலியார் ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்று காலியாக இருந்தது. நைனா கதவோரம் போய் நின்றார். கிஷ்டம்மா நாற்காலியைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், பிறகு கோதண்டராமன் சாரைப் பார்த்தாள்.

"உக்காருங்க பலராமன்," என்றார் சார்.

நைனா அந்த மில்லுக்கு வருஷா வருஷம் நெல் கொண்டு போகிறவர். முதலியாருக்கு எதிரே அவர் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலியின் ஓரத்தில், இறங்கப் போகிறவரைப் போல உட்கார்ந்தார்.

"கொழந்தை ஏன் தினமும் லேட்டா வருது?" என்று சார் முதலியாரைக் கேட்டார். முதலியார் மனைவியைப் பார்த்தார்.

"சாப்புடுது சார்," என்றாள் செல்லம்மாள். "போட்டதெல்லாம் தொடச்சி வெச்ச மாதிரி சாப்புடுது. தட்டு காலியா கீதேன்னு மறுபடியும் போடறேன். அதையும் சாப்புடுது. பசியா கீற கொழந்தைய எப்டி சார் எழுப்பறது?"

கிஷ்டம்மா மெதுவாகச் சொன்னாள். "போட்ட சாப்பாட்ட மிச்சம் வெச்சா மரியாத இல்லன்னு எங்க அம்மா சொல்லி அனுப்பினாங்க."

"தட்டு காலியா இருந்தா போடாம வுடறது எங்களுக்கு மரியாத இல்லியே கண்ணு!"

ஆடியிலிருந்து தை வரைக்கும் அந்தப் பெண் மரியாதைக்காகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். செல்லம்மாள் ஹார்லிக்ஸ் டம்ளரைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

சார் தொண்டையைச் செருமிவிட்டு நைனாவின் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு?"

"பொட்டப் புள்ள சார். வூட்டு வேலய முடிச்சிட்டுத்தான வரணும்? பால் ஊத்தணும்." நைனா துண்டை உதறினார். "எதுக்கு சார் பேச்சு. நான் முன்னயே சொல்லிக்கீறேன். இன்னியோட நிறுத்திடறேன்."

வெள்ளைப் புடவை, வாட்சு, விசில் ஊதாத கண்டக்டர் எல்லாம் அந்த அறையைவிட்டு வெளியே போவதைப் பார்த்தேன்.

"இவ வரலன்னா நான் டெய்லி முட்டி போடுவேன்," என்றாள் கிஷ்டம்மா. "இவ லேட்டா வந்தாலும் முட்டி போடுவேன். ஊருக்குப் போற வரைக்கும்."

கோதண்டராமன் சாரின் முகத்தில் டெல்லி தெரிந்தது. முதலியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பலராமா, அந்தக் கொழந்த முட்டியப் பாருய்யா."

நைனா குனிந்து பார்த்தார். தோல் வழன்று ரத்தம் கசிந்து, சரளைப் பொடி அதில் ஒட்டியிருந்தது. அவர் நாற்காலியைவிட்டு இறங்கித் தரையில் குந்தினார். துண்டின் நுனியால், அவளுக்கு வலிக்காமல், ஒவ்வொரு கல்லாகத் தட்டிவிட்டார். என் நைனாவின் கை அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஐயய்ய... இந்தத் தோலு தாங்குமா சார்? பூ மாதிரி கீது. எந்தப் பாவி பெத்த புள்ளயோ நம்ம ஊர்ல வந்து முட்டி தேயறதா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளையிலேருந்து பால நானே எடுத்துகினு போறேன் சார். எம் பொண்ணு டயத்துக்கு வந்துடும். இந்தப் பொண்ண மட்டும் இனிமே முட்டி போட வுடாதீங்க."

நான் அவருக்குப் பின்னால், பாவாடைக்குள் என் முட்டிகளோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்படித்தான் என் படிப்பு பிழைத்தது. கூப்பிட்டு அனுப்பியது அவமானம் என்பதை நைனா மறந்துவிட்டார். முதலியாருக்குச் சரிசமமாக நாற்காலியில் உட்கார்ந்ததை ஊரெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல நாற்காலியில் அவர் பின்னால் தள்ளி, சாய்ந்து உட்கார ஆரம்பித்தார். மறுநாள் காலை பாலை எடுத்துப் போனவர் கொதித்துப்போய்த் திரும்பி வந்தார்.

"எவ்ளோ நேரம்டி நிக்க வெக்கறான் அந்த ராமன்! மனுஷன் நிப்பானா? கேக்க ஆளில்லன்னு நெனச்சிகினானா?"

அந்த வரிசையில் நான் ஆறு வருஷம் நின்றவள். மூன்றாம் நாள் நைனா போட்ட சத்தத்தில் ராமன் நேரத்துக்குக் கதவைத் திறக்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் முன்கூட்டியே தேடியும் வைத்தார்.

கிஷ்டம்மாவுக்கு நான் தட்டில் ஒரு இட்லியை மிச்சம் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் அவளால் முடியவில்லை. அப்புறம் பழகிவிட்டது. இருவரும் மணிக்கு முன்பே மதகைத் தாண்டினோம். நைனா தினமும் சாயங்காலம் கேட்பார், "அந்தப் பொண்ணு முட்டி எப்டி கீது?" நான் சொல்வேன், "ஆறிகினு கீது." "பத்து கித்து போடறாங்களா?" "போடறாங்க." திருப்தியாகத் தலையாட்டுவார்.

மாசி மாதம் ரகுபதி ஒரு வருஷம் முடியும் முன்பே டென்மார்க்கிலிருந்து திரும்பி வந்துவிட்டான். அங்கே அவனுக்குத் தட்டு காலியானால் யாரும் மறுபடி போடவில்லையாம். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பாதியாக இளைத்திருந்தான். அவன் வந்துவிட்டால் இவள் போக வேண்டும், பண்டமாற்று. எங்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை பங்குனியில்தான்.

அவள் கிளம்பும் நாள் நானும் லூர்தம்மாளும் மில் வாசலில் போய் நின்றோம். அவளை விட்டுப் பிரிய எனக்கு மனசே இல்லை. எனக்காக முட்டி போட்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அவள் கவுனைக் கொஞ்சம் தூக்கி முட்டியைக் காட்டினாள். காயம் ஆறி, சின்னதாகத் தழும்பு மட்டும் இருந்தது.

"பாஞ்சாலி, இனிமே பால்?" என்றாள்.

"நைனாவுக்கு நீ போறது தெரியாது," என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். கார் கிளம்பியது.

எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது நான் ஒருத்திதான். நெல்லெல்லாம் தையிலேயே மில்லுக்குப் போய்விட்டதால் நைனாவுக்கு அந்தப் பக்கம் வேலையும் இல்லை. அன்று சாயங்காலம் அவர் கேட்டார், "அந்தப் பொண்ணு முட்டி எப்டி கீது?"

"கொஞ்சம் சீழ் வெச்சிகினு கீது," என்றேன். நர்ஸ் ஆகப் போகிறவள் இல்லையா?

"ஐயோ. நீ நேரத்தோட போயிடு. தப்பித் தவறிக்கூட லேட்டாக்கிடாத. அது பாட்டுக்கு முட்டி போட்டுடும், புண்ணு மேல புண்ணாயிடும்." மறுநாள் அவர் இருட்டோடு எழுந்து தூக்கோடு கிளம்பினார்.

டென்மார்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட முட்டியை நான் படப்பையில் வைத்துப் பங்குனி வரைக்கும் ஆற்றினேன். ஒரு நாள் காய்ந்தது, ஒரு நாள் கசிந்தது. நைனா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டு போய் மதகுக்குப் பின்னால் உட்கார்ந்து என் முட்டியில் பூசிக்கொண்டேன். கடைசிப் பரீட்சை வரைக்கும் பால் தூக்கு என் கைக்கு வரவில்லை. எல்லாப் பரீட்சையும் எழுதினேன்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம், கால் கழுவி முற்றத்தில் நான் பாவாடையை முட்டி வரைக்கும் தூக்கி நிற்கும்போதுதான் நைனா கேட்பார், அந்தப் பொண்ணு முட்டி எப்டி கீது என்று. ஒரே ஒரு நாள் உன் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால், அவள் ஊருக்குப் போய்விட்டாள் நைனா என்று உண்மையைச் சொல்லியிருப்பேன்.